ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால்

ஊரப்பாக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கூடுவாஞ்சேரியில் நந்திவரம் ஏரி, செங்கல்பட்டில் ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் கொளவாய் ஏரி, பாலாற்றைத் தாண்டினால் மதுராந்தகம் ஏரி. பெயர் தெரியாத சிற்றேரிகளும் தாங்கல்களும் இடையிடையே ஏராளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இவை நிரம்பியதும் செங்கல்பட்டு மாவட்டமே பறவைகளின் பந்தியாகிவிடுகிறது.

இந்தப் பந்தியை நம்பித்தான் வேடந்தாங்கல் பறவைச் சரணாலய ஏரி இருக்கிறது. அந்த ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். அங்கே கூடு கட்டும் நாரைகள், கொக்குகள், நீர்க்காகங்கள், அரிவாள் மூக்கன்கள் எல்லாவற்றுக்கும் அந்தச் சிறிய ஏரியே சோறு போட முடியாது. நத்தைக்குத்தி நாரை நத்தை தேடி வயலுக்குப் போகிறது. மடையான் வரப்போரம் தவளைக்குக் காத்து நிற்கிறது. தூங்குவதும் குஞ்சு வளர்ப்பதும் உள்ளே, இரை தேடுவது வெளியே. தினமும் போய் வரும் இந்த வழியில், பறவைக்குத் தெரியாத ஒரு கோடு குறுக்கே கிடக்கிறது.

1998-ல் வெளியான அறிவிக்கை, வேடந்தாங்கல் ஏரியையும் அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் பரப்பையும் சரணாலயமாக்கியது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 2022-ல் திருத்தப்பட்ட வடிவில், சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை என்கிறது. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அதே மடையான் கோட்டுக்கு வெளியே ஓர் ஏரியில் சிக்கினால் கணக்கு மாறுகிறது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள பறவை என்பதால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'வரை' என்ற சொல்லுக்குக் கீழே எல்லை கிடையாது. குறைந்தபட்ச தண்டனை இல்லாத குற்றம் என்பதால், நீதிமன்றம் போகாமலே இணக்கக் கட்டணம் வாங்கி முடித்துக்கொள்ளவும் சட்டத்தின் 54-ஆம் பிரிவு இடம் தருகிறது.

பறவை வேட்டையை நேரில் பார்க்காதவர்கள் துப்பாக்கிச் சத்தத்தைக் கற்பனை செய்கிறார்கள். ஏரிக் கண்ணியில் சத்தமே கிடையாது. ஒரு முழ நீளத்துக்கு நறுக்கிய தங்கூசி நரம்பை, இழுத்தால் இறுகும் சுருக்காகப் போட்டு, அப்படிப்பட்ட சுருக்குகளை ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டுகிறார்கள். இரண்டு முனையிலும் முளைக்குச்சி. கயிற்றைச் சேற்றில் அமுக்கிவிட்டால் தண்ணீரின் நிறத்தோடு நரம்பு கலந்துவிடும். முழங்கால் ஆழத்தில் மெதுவாகக் காலெடுத்து வைத்து நடக்கும் பறவைக்கு அது தெரியாது. விடியுமுன் வந்து எடுத்துப் போனால், ஏரிக்கரையில் மிஞ்சுவது இரண்டு குச்சியும் கொஞ்சம் இறகும்தான்.

இங்கே முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சட்டத்தின் கண்ணில் கண்ணி வைப்பதே வேட்டைதான். பறவை சிக்கியிருக்க வேண்டியதில்லை. முயற்சியும், இரை வைத்து ஈர்ப்பதும், முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் 'வேட்டை' என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே வருகின்றன. சட்டம் இளகியது என்று சொல்ல இடமில்லை. பிடிபட்ட இடத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவேதான் வழக்கு உதிர்கிறது. எங்கெங்கே உதிர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் ஓட்டை, யாருடைய ஏரி என்பது. பெரிய பாசன ஏரிகள் நீர்வளத் துறையிடமும், நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. வனக்காப்பாளரின் அன்றாட ரோந்து காப்புக்காட்டையும் சரணாலயத்தையும் சுற்றியது. மதகைப் பார்க்க ஆள் உண்டு, மீன் குத்தகையைப் பார்க்க ஆள் உண்டு. பறவையைப் பார்க்க என்று யாரும் இல்லை.

இரண்டாவது ஓட்டை, பறவையின் பெயர். சாலையோரம் விற்க வருவது இறகு பிடுங்கி, தலையும் காலும் நறுக்கிய உடல். உணவகத்தில் அதற்குக் 'காடை' என்று பெயர். காடை பண்ணையில் சட்டப்படி வளர்க்கப்படுவது. உரித்த உள்ளானையும் உரித்த காடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பழகிய கண்ணும் தடுமாறும். காட்டுயிரின் இறைச்சி ஒருவர் கைவசம் இருந்ததாக நிறுவப்பட்டால், அது முறையான உடைமை என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு அவர் மேலேயே சுமத்துகிறது. அரசுத் தரப்புக்கு இது பெரிய பலம். ஆனால் அந்தப் பலம் கைக்கு வர, அது எந்தப் பறவையின் இறைச்சி என்று முதலில் காட்ட வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது, அதுவும் அருகிலேயே. ஊரப்பாக்கத்துக்கு அடுத்த வண்டலூரில் உள்ள உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனத்தில் வன உயிரினத் தடயவியல் ஆய்வு நடக்கிறது. சமைத்த இறைச்சியிலிருந்தும் பெரும்பாலும் மரபணுவை எடுத்து இனத்தைச் சொல்லிவிட முடியும். ஆனால் மாதிரி சரியாக எடுக்கப்பட்டு, முத்திரையிடப்பட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவோடு போய்ச் சேர வேண்டும். நடுவே ஒரு கையெழுத்து விடுபட்டால், முடிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் குறுக்கு விசாரணையில் அதுதான் முதலில் அடிபடும்.

உயிரோடு மீட்கப்பட்ட பறவையில் சிக்கல் வேறு விதம். கால் அறுபட்ட நாரையை வழக்கு முடியும்வரை கூண்டில் வைத்திருக்க முடியாது. நீதிமன்ற அனுமதியோடு விரைவில் விட்டுவிடுவதே சரி. விட்டபின் அந்தப் பறவைக்குப் பதிலாக நீதிமன்றத்தில் நிற்பவை புகைப்படமும், பறிமுதல் செய்த இடத்தில் எழுதப்படும் மகசரும் மட்டும்தான்.

அந்த மகசரை ஒரு முறை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். விடியற்காலை, டார்ச் வெளிச்சத்தில், பைக்கின் சீட்டு மேல் வைத்து எழுதுவது. 'கொக்கு 6, நைலான் கண்ணி 1 கட்டு, சாக்குப்பை 1.' எந்தக் கொக்கு? உண்ணிக்கொக்கா, மடையானா, சின்ன வெள்ளைக்கொக்கா? கண்ணியின் நீளம் என்ன, எத்தனை சுருக்கு? இடம் ஐந்து கிலோமீட்டர் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை குறிக்கப்பட்டதா? தண்டனை 3 ஆண்டில் தொடங்குமா, வெறும் அபராதத்தோடு முடியுமா என்பது இந்தக் கடைசி இரண்டு கேள்விகளில் அடங்கியிருக்கிறது. எழுதியவர் இரவெல்லாம் விழித்தவர். அவர் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிறகு நீதிமன்றத்தில் அவருக்காகப் பேசப்போவது அந்தத் தாள் ஒன்றுதான்.

மூன்றாவது ஓட்டை, நடைமுறை. சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, அதிகாரம் பெற்ற அலுவலரோ, முன்னறிவிப்புக் கொடுத்த குடிமகனோ தரும் புகார் மனு மீதுதான் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளும். போலீஸ் பிடித்துக் கொடுத்தாலும், இந்தச் சட்டத்தின்கீழ் வழக்கு நடக்க வேண்டுமானால் அந்தப் புகார் வேண்டும். சாட்சியங்களைப் பதிவு செய்யும் அதிகாரம் உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலருக்கே உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவானால்தான் அது விசாரணையில் ஏற்கத்தக்கது. வனவரோ வனக்காப்பாளரோ எழுதி வாங்கிய வாக்குமூலத்துக்கு அந்த மதிப்பு கிடையாது.

போலீஸ் குற்றப்பத்திரிகை அல்லாமல் புகார் மனு வழியாகத் தொடங்குவதால், இத்தகைய வழக்கில் குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே சாட்சியம் கேட்கப்படுகிறது. குற்றச்சாட்டு வனைந்தபின் அதே சாட்சிகள் குறுக்கு விசாரணைக்கு மறுபடி வர வேண்டியிருக்கும். இடையில் வனச்சரக அலுவலர் இடமாறிப் போயிருப்பார். மகசரில் கையெழுத்துப் போட்ட ஊர்க்காரருக்கு இரண்டு நாள் கூலி போகும், எதிராளியின் முகத்திலும் விழிக்க வேண்டும். சாட்சி பிறழ்வதற்கு மிரட்டல்கூட வேண்டியதில்லை, அலுப்பு ஒன்றே போதும்.

நான்காவது, இணக்கக் கட்டணம். இதன் உச்சவரம்பை 2022 திருத்தம் 25,000 ரூபாயிலிருந்து 5 லட்சமாக உயர்த்தியது. கோர்ட்டுக்கு அலையாமல் அன்றே முடிவது அலுவலருக்கும் வசதி, பிடிபட்டவருக்கும் வசதி. ஆனால் அப்படி முடிந்த விவகாரத்தில் தண்டனை என்ற பதிவே ஏற்படுவதில்லை. கட்டணம் சிறியதாக இருந்தால் அது வியாபாரச் செலவில் ஒன்றாகிவிடும். பிடிபடுகிறவர் பெரும்பாலும் கண்ணி வைத்த ஏழை, வாங்கி விற்கிறவரின் பெயர் கோப்பில் வருவதே இல்லை.

இதன் விளைவு என்ன? தென்னிந்திய விவசாய நீர்நிலைகளில் நீர்ப்பறவைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது வேட்டையா, வாழிடமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு 2017-ல் 'ஆம்பியோ' ஆய்விதழில் வெளியானது. ஏரியின் தன்மையைவிட வேட்டையின் தாக்கமே மேலோங்கியிருந்தது என்பது அதன் முடிவு. வேட்டை நடந்ததும் வீட்டு அடுப்புக்காக மட்டும் என்றில்லை, சந்தைக்காகவே பெருமளவு நடந்தது. தூர் வாரி, கரை உயர்த்தி, ஏரியை நிரப்பினால் மட்டும் பறவை திரும்பிவிடாது என்று இதற்குப் பொருள். குஞ்சு பொரித்த காலத்தில் ஒரு நாரை கண்ணியில் விழுந்தால், வேடந்தாங்கல் மரத்தில் காத்திருக்கும் குஞ்சுகளும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். மகசரில் அவற்றுக்கு வரி கிடையாது.

சட்டம் வென்ற இடங்களும் நம் கண்முன் உண்டு. வேடந்தாங்கல் மக்கள், பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களை எதிர்த்து முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டரிடம் கவுல் என்ற பாதுகாப்பு உறுதிப் பத்திரம் வாங்கினார்கள். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்த ஊர் அது. சட்டம் பிறக்க நூறாண்டுக்கு மேல் இருந்தபோதே அங்கே அமலாக்கம் நடந்தது.

மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி இன்னொரு சான்று. 1972 சட்டமும் பின்வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புத் தோலை நம்பியிருந்த இருளர்களின் பிழைப்பை நிறுத்தின. 1978-ல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதே திறமையை விஷமுறிவு மருந்துக்கான விஷம் எடுக்கும் தொழிலாக மாற்றியது. அனுமதி பெற்றுப் பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி விட்டுவிடுகிறார்கள். இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் 2012-ல் அமூர் வல்லூறுகள் பல்லாயிரக்கணக்கில் வலையில் விழுந்தன. அடுத்த பருவத்தில் கிராம சபைகளே தடை விதித்து அதை நிறுத்தின. மூன்று இடத்திலும் உள்ளூர்க்காரர்கள் சட்டத்தின் பக்கம் நின்றார்கள், நிற்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் இருந்தது.

நமக்கு வேண்டியவை பெரிய அறிவிப்புகள் இல்லை. வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள ஏரிகளைப் பருவகாலத்திலாவது வனத்துறை ரோந்தில் சேர்க்க வேண்டும். மகசர் எழுதுகிறவர் கையில் பறவைப் படங்கள் கொண்ட அட்டையும், மாதிரி எடுக்கும் பெட்டியும், இடம் குறிக்கும் கருவியும் இருக்க வேண்டும். இணக்கக் கட்டணம் வாங்கியவர்களின் பதிவேடு மாவட்டம் முழுவதற்கும் ஒன்றாக இருந்தால், இரண்டாம் முறை வருகிறவரை அடையாளம் காண முடியும். கண்ணி வைத்தவரோடு நிற்காமல் வாங்கியவர் வரை விசாரணை போக வேண்டும்.

நம் பங்கும் உண்டு. காட்டுப் பறவை இறைச்சியை வாங்குவதும் குற்றம்தான். அந்தப் பறவை கண்ணியில் சிக்கியதா, விஷம் வைத்துப் பிடித்ததா என்று தட்டில் வந்தபின் யாராலும் சொல்ல முடியாது. கரையில் கண்ணியைப் பார்த்தால் பிய்த்து எறியாமல், படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பிய்த்து எறிந்த கண்ணியோடு சாட்சியமும் போய்விடும். யாரும் அசையவில்லை என்றால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத் தானே நீதிமன்றத்தில் புகார் செய்யும் உரிமையை 55-ஆம் பிரிவு சாதாரணக் குடிமகனுக்கும் தந்திருக்கிறது.

அடுத்த மழைக்கு ஏரிகள் நிரம்பும், பறவைகளும் வரும். இன்னும் எத்தனை மழைக்கு வரும் என்பது, விடியற்காலையில் பைக் சீட்டின் மேல் எழுதப்படும் அந்தத் தாளில் 'கொக்கு 6' என்ற வரிக்குப் பதிலாக என்ன எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.