நெய்யாற்றின்கரைக் கல்வி மாவட்டம்: ஆசிரியரின் மனக்குறைகளும் சீர்திருத்த வழிகளும்

கேரளத்தில் பள்ளிகள் ஜூன் மாதத் தொடக்கத்தில் திறக்கப்படுகின்றன. ஆறாவது வேலைநாளன்று ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை குழந்தைகள் உள்ளனர் என்று கணக்கிடப்படுகிறது. மாணவருக்கு இது மற்றுமொரு வருகைப் பதிவே. ஆசிரியருக்கோ அவ்வாண்டு முழுவதற்குமான விதியை நிர்ணயிக்கும் நாள். அந்த எண்ணிக்கையைக் கொண்டே ஒரு வகுப்புக்கு எத்தனை பிரிவுகள், பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் என்பன முடிவு செய்யப்படுகின்றன. எண்ணிக்கை எல்லைக்கோட்டில் நிற்கும் வகுப்பில் ஓரிரு குழந்தைகள் குறைந்தாலும் ஒரு பிரிவு போய்விடும். அதனோடு ஓர் ஆசிரியரின் இடமும் போய்விடும்.

பள்ளிக் கல்வியில் நாட்டிற்கே வழிகாட்டியாகக் கருதப்படும் மாநிலம் கேரளம். 1991 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆம் நாள் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி அதன் எழுத்தறிவு 94 விழுக்காடு. இத்தகைய மாநிலத்திலும் அரசுப் பள்ளி ஆசிரியர், அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர் ஆகியோரிடையே மனக்குறை நிலவுவது ஏன்? அதனைப் போக்கும் வழிகள் யாவை? தமிழக எல்லையை ஒட்டிய நெய்யாற்றின்கரைக் கல்வி மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்வி மாவட்டத்தின் இயல்பு

திருவனந்தபுரம் வருவாய் மாவட்டம் திருவனந்தபுரம், ஆற்றிங்கல், நெய்யாற்றின்கரை என்னும் மூன்று கல்வி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நெய்யாற்றின்கரைக் கல்வி மாவட்டத்தில் நெய்யாற்றின்கரை, பாறசாலை, பாலராமபுரம், காட்டாக்கடை ஆகிய உபமாவட்டங்கள் அடங்கும். கல்வி மாவட்டத்திற்கு மாவட்டக் கல்வி அதிகாரியும் உபமாவட்டத்திற்கு உதவிக் கல்வி அதிகாரியும் பொறுப்பாவர்.

நகராட்சியான நெய்யாற்றின்கரை, பாலராமபுரத்தின் கைத்தறி நெசவாளர் தெருக்கள், காஞ்சிரங்குளத்தின் தென்னந்தோப்புகளும் கடைவீதியும், அதற்கப்பால் பூவார் வரை நீளும் மீனவர் குடியிருப்புகள், களியக்காவிளையைத் தொட்டு நிற்கும் பாறசாலை என்று பலவகை வாழ்க்கை இங்கு அருகருகே அமைந்துள்ளது. ஊர் எங்கு முடிகிறது, நகரம் எங்குத் தொடங்குகிறது என்று இப்பகுதியில் கோடு கிழித்துக் காட்டுதல் அரிது. கேரள மக்களில் நகர்ப்புறத்தில் வாழ்வோர் 2001 இல் 26 விழுக்காடாக இருந்தனர்; 2011 இல் ஏறத்தாழ 48 விழுக்காடாயினர். கழக்கூட்டத்திலிருந்து எல்லையிலுள்ள காரோடு வரை அமைந்த புறவழிச்சாலையும், விழிஞ்சம் துறைமுகமும் இம்மாற்றத்தை மேலும் விரைவுபடுத்துகின்றன.

கல்விக்காகப் போராடிய வரலாறும் இம்மண்ணுக்கு உண்டு. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்கப்பட வேண்டும் என்று கிளர்ந்தெழுந்தது இப்பகுதியில்தான். நூறாண்டுகளுக்கு முன் ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றார்; அதனைப் பொறாதோர் அப்பள்ளியைத் தீக்கிரையாக்கினர். அப்பள்ளி இன்று அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. பள்ளிக்குள் நுழைவதற்கே போராட வேண்டியிருந்த ஊர்களில், இன்று பள்ளிக்குக் குழந்தைகளைத் தேடி ஆசிரியர்கள் வீடுவீடாகச் செல்கின்றனர்.

தலை எண்ணிக்கையும் பணிப் பாதுகாப்பும்

ஆசிரியர்களின் குறைகளுள் முதன்மையானது மேற்கூறிய பணியிட நிர்ணயமே. 1958 ஆம் ஆண்டுக் கேரளக் கல்விச் சட்டமும் 1959 ஆம் ஆண்டு விதிகளும் ஆசிரியருக்குப் பெரும் பாதுகாப்பளித்தன. உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கும் அரசே நேரடியாக ஊதியம் வழங்கும் முறை சட்ட உரிமையாயிற்று. ஆயினும் மாணவர் எண்ணிக்கையோடு பணியிடத்தைப் பிணைத்த விதி, குழந்தைகள் பெருகி வந்த காலத்தில் எழுதப்பட்டது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். அன்று ஆண்டுதோறும் பிரிவுகள் கூடின. விதி ஆசிரியருக்குத் துணை நின்றது.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. கேரளத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1.8 மட்டுமே. பிறக்கும் குழந்தைகளே குறைவு. அவர்களிலும் ஒரு பகுதியினர் அரசு உதவி பெறாத ஆங்கிலவழிப் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். ஆகவே கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் துண்டறிக்கையுடன் வீடுவீடாகச் சென்று சேர்க்கை கோருகின்றனர். அருகிலுள்ள இரு அரசுப் பள்ளிகளே ஒன்றுக்கொன்று போட்டியிடும் நிலையும் ஏற்படுகிறது. பணியிடம் இழந்தவர் 'பாதுகாக்கப்பட்ட ஆசிரியர்' என்ற பெயரில் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுகிறார். ஊதியம் நிற்பதில்லை; ஆனால் தாம் வளர்த்த வகுப்பை அவர் விட்டுப் பிரிய நேர்கிறது. மறுபுறம், அரசுப் பள்ளிகளில் ஏற்படும் காலியிடங்கள் நாட்கூலி ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பப்படுகின்றன. உதவி பெறும் பள்ளி நிர்வாகிகளால் நியமிக்கப்பட்டோர் சிலர், நியமனத்திற்கு ஒப்புதல் கிட்டாமல் ஊதியமின்றிக் காத்திருக்கின்றனர். ஓரிடத்தில் உபரி, மற்றோரிடத்தில் பற்றாக்குறை என்னும் இம்முரண்பாட்டால் இறுதியில் இழப்பிற்குள்ளாவது குழந்தையே.

வகுப்பறைக்கு வெளியே கழியும் நேரம்

இரண்டாவது குறை கற்பித்தல் அல்லாத பணிகள் பற்றியது. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27 ஆவது பிரிவு, பத்தாண்டுக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்கிறது. நடைமுறையில் இம்மூன்றுமே நீண்ட பணிகள். வாக்காளர் பட்டியல் திருத்தம் ஆண்டு முழுவதும் தொடர்வது. இவற்றோடு உதவித்தொகைப் பட்டியல், இலவசச் சீருடைக் கணக்கு, இணையவழிப் பதிவுகள் எனப் பல சேர்கின்றன. எழுத்தர் இல்லாத தொடக்கப் பள்ளியில் இவை அனைத்தும் தலைமையாசிரியர் தலையில் விழுகின்றன. அவருக்கும் நடத்த வேண்டிய ஒரு வகுப்பு உண்டு.

மதிய உணவுத் திட்டம் இதற்குத் தக்க சான்று. கேரளத்தில் இத்திட்டம் 1984 ஆம் ஆண்டு மீனவக் கிராமங்களின் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் விரிவுற்றது. கடலில் வரவு இல்லாத நாட்களில் குழந்தையைப் பள்ளியில் நிறுத்தி வைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு; அதன் பயனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் அன்றாடப் பொறுப்பு தலைமையாசிரியருடையது. 2023 இல் நடப்பிலிருந்த முறைப்படி, நாளொன்றுக்கு முதல் 150 குழந்தைகளுக்குத் தலைக்கு 8 ரூபாயும், அதற்கு மேல் 500 வரை 7 ரூபாயும், அதற்கும் மேற்பட்டோர்க்கு 6 ரூபாயும் வழங்கப்பட்டன. காய்கறி, பருப்பு, எரிபொருள் ஆகியவற்றோடு வாரம் ஒரு முட்டைக்கும் இரு முறை பாலுக்கும் இத்தொகை போதாது என்று ஆசிரியர்கள் எடுத்துரைத்தனர். அத்தொகையும் மாதக்கணக்கில் தாமதமானபோது தலைமையாசிரியர்கள் கடைகளில் கடன்பட்டனர். அவ்வாண்டு இவ்விவகாரம் கேரள உயர்நீதிமன்றம் வரை சென்றது. அரசின் நலத்திட்டத்திற்கு ஒரு தனிமனிதர் ஏன் கடன்பட வேண்டும் என்பதே வழக்கின் சாரம்.

எல்லைக்கு அப்பால், களியக்காவிளையில் நிலைமை வேறு. 1982 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தமிழகத்தில் தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனிப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர். அரிசி அளப்பதும் கணக்கு எழுதுவதும் அமைப்பாளரின் வேலை. தலைமையாசிரியர் மேற்பார்வையோடு நின்றுகொள்ளலாம். சில மைல் தொலைவிலேயே ஒரு தீர்வு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருப்பது கருதத்தக்கது.

இரு மொழிகளுக்கிடையே

மூன்றாவது குறை இக்கல்வி மாவட்டத்திற்கே உரியது. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய பகுதிகளுள் ஒன்றான நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லை வரைபடத்தில் வரையப்பட்டது. வீட்டு மொழியோ அதற்கேற்ப மாறிவிடவில்லை. பாறசாலைச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் புழங்குகின்றன.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350 அ பிரிவு கூறுகிறது. ஒரு பள்ளியில் 40 குழந்தைகளோ ஒரு வகுப்பில் 10 குழந்தைகளோ இருப்பின் அம்மொழி ஆசிரியரை அமர்த்த வேண்டும் என 1949 ஆம் ஆண்டிலேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு முடிவு செய்தது. கேரள அரசு தமிழ்வழிப் பாடநூல்களை வெளியிடுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வையும் தமிழில் எழுதலாம். உரிமைகள் ஏட்டில் உள்ளன என்பதில் ஐயமில்லை. ஆயினும் தமிழ்வழிப் பிரிவுகள் சிறியவை. அவற்றின் ஆசிரியரே தலை எண்ணிக்கை விதியால் முதலில் பாதிக்கப்படுபவர். பயிற்சி முகாம்களும் சுற்றறிக்கைகளும் பெரும்பாலும் மலையாளத்தில் அமைவதால், கற்பிக்கும் மொழியில் தாமே துணைப்பாடங்களை உருவாக்கிக்கொள்ள வேண்டிய நிலையில் அவர் இருக்கிறார். மலையாளவழிப் பிரிவின் ஆசிரியருக்கோ வேறொரு சிக்கல்: வீட்டில் தமிழ் பேசி வரும் குழந்தையின் தயக்கத்தை அறிவுக்குறைவாகக் கொள்ளாதிருக்க அவருக்குப் பயிற்சி தேவை.

பல தலைமைகள்

1995 இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்பிலும் உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பிலும் ஒப்படைக்கப்பட்டன. நகராட்சி எல்லைக்குள் பொறுப்பு நகராட்சியினுடையது. கட்டடமும் கழிப்பறையும் உள்ளாட்சியிடம். ஊதியமும் மாறுதலும் கல்வித் துறையிடம். உதவி பெறும் பள்ளிகளில் நியமனம் நிர்வாகியிடம். பயிற்சி வட்டார வள மையத்திடம். 2017 இல் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் கட்டடங்களைப் புதுப்பித்தது. எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான 45,000 வகுப்பறைகள் மின்னணு வசதி பெற்றன. இவை போற்றத்தக்க சாதனைகள். ஆயினும் வகுப்பறையின் முழு நிலையையும் ஒருங்கே காணும் அதிகாரி எவர் என்னும் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனியே கேட்கும் விவரங்களை ஆசிரியர் தனித்தனியே எழுதித் தருகிறார்.

செய்யத்தக்கவை

ஆசிரியரின் குறைகள் ஊதியத்தைப் பற்றியவை அல்ல; நேரத்தையும் நிலைபேற்றையும் பற்றியவை. ஆகவே சீர்திருத்தமும் அவரை வகுப்பறைக்குத் திருப்பித் தருவதையே இலக்காகக் கொள்ள வேண்டும்.

முதலாவது, பணியிட நிர்ணயத்தை ஒரே நாளின் எண்ணிக்கையிலிருந்து விடுவித்து மூன்றாண்டுச் சராசரியின் அடிப்படையில் அமைக்கலாம். உபரி ஆசிரியரை உபமாவட்ட அளவில் ஒரு தொகுப்பாக வைத்து, நீண்ட விடுப்புகளுக்கும் பின்தங்கிய மாணவர்க்கான சிறப்பு வகுப்புகளுக்கும் பயன்படுத்தினால் நாட்கூலி நியமனங்கள் குறையும். இதனால் செலவு கூடும் என்னும் வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் உபரி ஆசிரியருக்கு அரசு ஏற்கெனவே ஊதியம் வழங்கி வருவதால், கூடுதற் செலவு அஞ்சும் அளவுக்கு இராது.

இரண்டாவது, மதிய உணவுப் பொறுப்பைத் தனி அமைப்பாளரிடம் ஒப்படைத்து, தொகையை மாதத் தொடக்கத்திலேயே முன்பணமாக வழங்க வேண்டும். சிறிய பள்ளிகள் மூன்று நான்கிற்கு ஓர் எழுத்தர் வீதம் அமர்த்தினாலும் தலைமையாசிரியரின் சுமை பெரிதும் குறையும்.

மூன்றாவது, தமிழ்வழிப் பிரிவுகளைத் தலை எண்ணிக்கை விதியிலிருந்து விலக்கி, 1949 ஆம் ஆண்டு முடிவின் அளவுகோலைப் பின்பற்றலாம். ஆற்றிங்கலிலுள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனமும் குமரி மாவட்டம் தேரூரிலுள்ள நிறுவனமும் இணைந்து இருமொழிப் பகுதி ஆசிரியர்க்குப் பயிற்சி நடத்துவது எளிது. இரண்டிற்கும் இடையே இருப்பது சில மணி நேரப் பயணமே.

நான்காவது, கல்வி மாவட்ட அளவில் ஆசிரியர், பெற்றோர், உள்ளாட்சி உறுப்பினர், கல்வி அதிகாரி ஆகியோர் அடங்கிய குழு ஒன்று மாதந்தோறும் கூட வேண்டும். ஒருமுறை தரப்பட்ட விவரத்தை மற்றோர் அலுவலகம் மீண்டும் கேட்கலாகாது என்பதே அதன் முதல் விதியாக இருக்கலாம்.

ஆசிரியரின் கடமை

உரிமைகளைக் கோருவோர்க்குக் கடமைகளும் உண்டு. அரசுப் பள்ளியில் பணியாற்றிக்கொண்டே தம் குழந்தைகளை வேறு பள்ளிக்கு அனுப்பும் ஆசிரியரைக் காணும் பெற்றோர், அப்பள்ளியின் மீது எங்ஙனம் நம்பிக்கை கொள்வர்? எல்லா வகுப்பினரின் குழந்தைகளும் ஒரே அருகமைப் பள்ளியில் பயில வேண்டும் என்று 1964–66 ஆம் ஆண்டுக் கோத்தாரிக் கல்விக் குழு வலியுறுத்தியது. அக்கருத்தைச் செயலிற் காட்ட வேண்டியோருள் ஆசிரியரே முதல்வர்.

ஆசிரியரின் நிலை பற்றி 1966 இல் யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனமும் இணைந்து வெளியிட்ட பரிந்துரையும், 1983 இல் அமைக்கப்பட்ட சட்டோபாத்தியாயா ஆணையமும் ஆசிரியரின் தகுதியை மட்டுமன்றி அவர் பணியாற்றும் சூழலையும் கருத்திற் கொண்டன. அச்சூழல் உருவாவது தலைநகரங்களில் அன்று. பாறசாலையிலும் காஞ்சிரங்குளத்திலும் உள்ள பள்ளிகளில்தான். ஜூன் மாதத்தின் ஆறாவது வேலைநாளில் ஆசிரியர் தம் குழந்தைகளை அச்சமின்றி எண்ணும் நிலை வருமாயின், இக்கல்வி மாவட்டம் சரியான திசையில் அடியெடுத்து வைத்துவிட்டது எனக் கொள்ளலாம்.