நீரும் எழுத்தும்: டாக்டர் வா. செ. குழந்தைசாமி

பொறியியல் கற்றவர்க்குக் கவிதை வெறும் பொழுதுபோக்கு என்றும், தமிழ் கற்றவர்க்குக் கணக்கு வேப்பங்காய் என்றும் கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இதனைத் தம் வாழ்வாலேயே மறுத்துக் காட்டியவர் டாக்டர் வா. செ. குழந்தைசாமி. நீரியலில் தம் பெயரால் வழங்கும் ஒரு கணித அமைப்பைத் தந்த அப்பேராசிரியரே, குலோத்துங்கன் என்னும் புனைபெயரில் பாடிய கவிஞர், குறளாய்வாளர், எழுத்துச் சீர்திருத்தத்திற்காக வாதாடியவர். இவை ஓய்வு நேரத்து விருப்பங்களா, ஒரே மனப்பாங்கின் பல கிளைகளா என்பது ஆராயத் தக்கது.

வாழ்க்கை

கரூரை அடுத்த வாங்கலாம்பாளையத்தில் 1929ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் உழவர் குடியில் பிறந்தார். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், பின்னர் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்திலும் உயர்கல்வி பெற்றார். தாயகம் திரும்பிக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிற்கும் துணைவேந்தராய் இருந்தார். 1992இல் பத்மஸ்ரீ விருதும், 2002இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். 2016ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள் மறைந்தார்.

மழையும் கணக்கும்

இல்லினாயில் நீரியல் பேரறிஞர் வென் டெ சௌவிடம் பயின்று, 1964இல் அவர் அளித்த ஆய்வேடு, மழைக்கும் நிலத்தின்மேல் ஓடும் நீருக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. பெய்யும் மழை முழுவதும் அப்போதே ஆற்றை அடைவதில்லை. ஒரு பகுதியை மண் குடிக்கிறது. எஞ்சியது மேட்டிலும் பள்ளத்திலும் ஓடையிலும் சிறிது நேரம் தேங்கிப் பின்னரே வெளியேறுகிறது. எனவே, வடிநிலம் முழுவதையும் ஒரு தேக்கம் எனக் கொள்ளலாம். அத்தேக்கத்தில் நிற்கும் நீரின் அளவு, வரும் நீரையும் போகும் நீரையும் மட்டும் பொறுத்ததன்று. அவை எவ்வளவு விரைவாகக் கூடுகின்றன, குறைகின்றன என்பதையும் பொறுத்தது என்று அவர் ஒரு பொதுச் சமன்பாடு அமைத்தார். ஆசிரியரும் மாணவரும் இணைந்து எழுதிய கட்டுரையொன்று 1971இல் வெளிவந்தது. 'குழந்தைசாமி மாதிரி' என நீரியலார் குறிப்பது இதனையே.

தெம்பனிஸ் வாழ் மக்களுக்கு இக்கணக்கு அயலானதன்று. மணல் தோண்டிய பள்ளத்தை நீர்த்தேக்கமாக்கி 1986இல் நிறைவு செய்யப்பட்ட பிடோக் நீர்த்தேக்கம் அவர்கள் அண்டையில் உள்ளது. நகரத்துக் கூரையிலும் சாலையிலும் விழும் மழை வடிகால்கள் வழியே அதனைச் சேர்கிறது. எவ்வளவு மழைக்கு எவ்வளவு நீர், எந்நேரத்தில் வந்து சேரும் என்பதே அங்கும் வினா.

கவிதையும் குறளும்

குலோத்துங்கன் பாடிய நெடும்படைப்புகளில் ஒன்று 'மானுட யாத்திரை'. மனித இனத்தின் வளர்ச்சிப் பயணமே அதன் பொருள் என்பதைப் பெயரே உணர்த்தும். 'வாழும் வள்ளுவம்' என்னும் திறனாய்வு நூலுக்கு 1988இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பழமைக்காக மட்டும் குறளைப் போற்றாது, இன்றைய வாழ்விற்கு அது பயன்படும் வகையை நாடியவர் அவர். 'அறிவியல் தமிழ்' என்ற நூலிலும் இதே நோக்கைக் காணலாம்.

எழுத்துப் போராட்டம்

அவர் முயற்சிகளுள் மிகுந்த வாதத்திற்கு உள்ளானது எழுத்துச் சீர்திருத்தமே. 1978இல் தமிழக அரசு, பெரியார் வழியில், ணா, றா, னா, லை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவை மாற்றியது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் இதனை ஏற்றன. இதற்கு அடுத்த படியையும் எடுத்து வைக்கவேண்டும் என்றார் குழந்தைசாமி.

அவர் கணக்கு எளியது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி என்னும் நான்கும் எழுத்தினின்று விலகி நிற்பன; ஆதலின் ஒருமுறை கற்றால் போதும். ஒகர, ஓகார, ஔகார வரிசைகளுக்குத் தனிக்குறி வேண்டுவதில்லை. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளில் மட்டும் குறி எழுத்தோடு ஒட்டுகிறது. உகர வரிசையிலோ அதற்கு நிலைத்த உருவமே இல்லை. கு, சு, டு, மு என்பவற்றை நோக்குக. இவை 72 வடிவங்கள். ஆகக் குழந்தை கற்க வேண்டியவை 107. அந்நான்கிற்கும் தனிக்குறி அமைத்தால் 39 போதும்.

எதிர்ப்பும் வலுவாகவே எழுந்தது. அச்சிட்ட நூல்கள் அனைத்தும் பழைய வடிவில் இருக்கின்றன. வருங்கால மாணவர் இரண்டையும் கற்க நேரிடும். வரிசைகளின் ஒழுங்கை அறிந்த மாணவர்க்கு 72 என்பது பெருஞ்சுமையன்று. எனவே மாற்றம் வேண்டா என்றனர் மறுத்தோர். அரசும் இத்திட்டத்தை ஏற்கவில்லை.

எனினும், கணினி இவ்வழக்கில் ஒரு புதிய கோணத்தைத் தந்துள்ளது. ஒருங்குறியில் 'கு' என்பது ககரமாகவும் உகரக் குறியாகவும் பிரித்தே பதியப்படுகிறது. திரையில் தோன்றும்போது பழைய வடிவம் பெறுகிறது. பொறிக்கு அவர் வேண்டிய எளிமை கிட்டிவிட்டது. கண்ணுக்கு மரபு காக்கப்பட்டது. ஆயினும் பென்சில் பிடிக்கும் சிறுகைக்கு 107 வடிவங்கள் அப்படியே இருக்கின்றன. ஆங்கிலம் பாடமொழியாகவும் தமிழ் தாய்மொழிப் பாடமாகவும் உள்ள சிங்கப்பூரில், தமிழெழுத்திற்கு ஒதுக்கும் நேரம் குறைவு. அவ்வினா இங்கே இன்னும் உயிரோடிருக்கிறது.

இணையத்தில் தமிழ்

இணையத் தமிழுக்கான முதல் மாநாடு 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் கூடியது. 2000இல் மீண்டும் இங்கே கூடியபோது உத்தமம் என்னும் உலக அமைப்புத் தோன்றியது. 2001இல் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, அதனை உருவாக்கி வழிநடத்தியோருள் முதன்மையானவர் குழந்தைசாமி. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை நடத்திய பட்டறிவு அங்கே பயன் தந்தது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அந்நிறுவனத்தின் பாடங்களையும் மின்னூல்களையும் வீட்டிலிருந்தே எவரும் பெறலாம்.

மழைநீரானாலும் எழுத்தானாலும், சிக்கலானதைப் பிரித்து, அடியிலுள்ள ஒழுங்கைக் காணுதலே அவர் முறை. அவர் கண்ட முடிவுகள் அனைத்தையும் தமிழாசிரியர் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால், ஒரு குழந்தை தமிழெழுத்தைக் கற்க எத்துணை நேரம் செலவிடுகிறது என்று எண்ணிப் பார்க்கும் கடமையை அவர் நம் முன் வைத்துச் சென்றார். அதனை மறுக்க விரும்புவோரும் முதலில் எண்ணித்தான் ஆகவேண்டும்.