பொருத்துவதற்கு முன் பிரிக்க வேண்டிய எஞ்சின்

கடலூரிலிருந்து பண்ருட்டிக்குச் செல்லும் சாலையில் உள்ள நெல்லிக்குப்பம், 1842-இல் தொடங்கப்பட்டு இன்று இ.ஐ.டி. பாரி நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊராகும். அதே மாவட்டத்தில் 1956-இல் நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமும் அதன் அனல் மின் நிலையங்களும் இருப்பதால், கரும்பு, நிலக்கரி, உலைச் சாம்பல் என எடை மிகுந்த சரக்குகளைச் சுமக்கும் லாரிகளுக்கு இவ்வட்டாரத்தில் வேலை ஓய்வதில்லை. வெட்டிய கரும்பு ஆலைக்குச் சேராமல் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் சர்க்கரைச் சத்தை இழப்பதால், அரவைப் பருவத்தின் நடுவே வண்டி படுத்துவிட்டால் நட்டம் லாரி உரிமையாளரோடு நில்லாமல் உழவர் வரை செல்லும். ஆகவே எஞ்சினின் பெரிய வேலைகளை அரவை ஓய்ந்திருக்கும் மாதங்களில் முடித்துக்கொள்வதே அறிவுடைமை. பிளாக் வெடித்தோ கிராங்க் ஒடிந்தோ பழைய எஞ்சின் பழுதுபார்க்க இயலாத நிலையை எட்டியிருந்தால், சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் மற்றொரு எஞ்சினை வாங்கி மாற்றுவதும் அப்போதுதான் நடைபெற வேண்டும்.

எஞ்சின் மாற்றம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. சென்னையின் சிம்ப்சன் நிறுவனம் 1950-களில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கிய பின், 1937-இல் இங்கிலாந்தில் அறிமுகமான பி6 என்னும் 4.73 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின், பெட்ரோலில் ஓடிய பல லாரிகளில் மாற்றாக ஏறியது. இன்று சந்தையில் கிடைக்கும் பழைய எஞ்சின்களில் டாடா 697, அசோக் லேலண்டின் ஹினோ வழி வந்த எஞ்சின்கள், 1993-இல் ஜாம்ஷெட்பூரில் உருவான டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனத்தின் 6பிடி ஆகியவை முக்கியமானவை. 697 என்பதில் 6 சிலிண்டர் எண்ணிக்கையையும் 97 சிலிண்டர் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. 6பிடி எஞ்சினின் விட்டம் 102 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரமான ஸ்ட்ரோக் 120 மி.மீ., மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 5.9 லிட்டர். இந்த 6பிடியின் உடன்பிறப்பான எஞ்சினே 1989 முதல் அமெரிக்காவின் டாட்ஜ் வண்டிகளில் பொருத்தப்பட்டு, இன்றளவும் அந்நாட்டில் எஞ்சின் மாற்றுவோரின் முதல் தேர்வுகளுள் ஒன்றாக உள்ளது.

கழுவி, வண்ணம் பூசி, "ரன்னிங் கண்டிஷன்" என்ற உறுதிமொழியோடு விற்கப்படும் எஞ்சினை அப்படியே வண்டியில் ஏற்றிவிடுவதுதான் இவ்வேலையில் நடக்கும் பெருந்தவறு. நானூறு கிலோவுக்கு மேல் கனக்கும் ஒரு பொருளை இருமுறை இறக்கி ஏற்றும் செலவும், நின்றுபோகும் நாள்களின் வருவாய் இழப்பும், முதலிலேயே பிரித்துப் பார்க்கும் செலவை எளிதில் விஞ்சிவிடும். காதால் கேட்டு எஞ்சினை எடைபோடும் மேஸ்திரியின் அனுபவம் மதிப்புக்குரியதே. எனினும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குத் தேய்மானத்தைக் காது சொல்லாது, மைக்ரோமீட்டர்தான் சொல்லும்.

விற்பவரின் இடத்திலேயே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை வேகமாகத் தள்ளப்படுவது, பட்டறை வழக்கில் பேக் கம்ப்ரஷன் எனப்படும் குறைபாடு. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து, எரிந்த வாயு கீழ்ப்பகுதிக்கு இறங்குவதை அது காட்டுகிறது. நீலப் புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை டீசல் முழுமையாக எரியாததையும், சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை எரியாத டீசலையோ எரியறைக்குள் கசியும் தண்ணீரையோ உணர்த்தும்.

பிரித்த பின் செய்யவேண்டிய முதல் வேலை அளத்தல். சிலிண்டரின் மேல், நடு, கீழ் ஆகிய மூன்று மட்டங்களிலும், ஒவ்வொரு மட்டத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும் போர் டயல் கேஜால் அளந்தால், துளை எவ்வளவு அகன்றுள்ளது என்பதோடு, வட்டம் எவ்வளவு நீள்வட்டமாகியுள்ளது என்பதும் தெரியவரும். தேய்மானம் பெரும்பாலும் மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் மிகுதி. அங்கே எரிவெப்பமும் அழுத்தமும் உச்சத்தில் இருக்க, எண்ணெய்ப் படலம் மெலிந்திருப்பதே காரணம். பிளாக்கினுள் செருகப்படும் லைனர் என்ற உருளை உள்ள எஞ்சின்களில் அதை மாற்றிவிடலாம். 6பிடியில் லைனர் கிடையாது என்பதால், பிளாக்கையே குடைந்து பெரிய அளவுப் பிஸ்டன் போடவோ, புதிதாக ஓர் உருளை செருகவோ வேண்டும். இறுதியில் ஹோனிங் என்னும் தேய்ப்பு வேலையால் சுவரில் குறுக்கும் நெடுக்குமான நுண்கோடுகள் இடப்படுகின்றன. எண்ணெய் தங்குவதும் ரிங்குகள் சுவரோடு பழகிப் படிவதும் இக்கோடுகளால்தான்.

கிராங்க் ஷாஃப்டின் கழுத்துகள் தேய்ந்திருந்தால் 0.25 மி.மீ. படிகளில் சாணைபிடித்து, அதற்கேற்ற தடித்த பேரிங்குகள் இடுவது வழக்கம். பல பட்டறைகள் கவனிக்காமல் விடுவது இரண்டு. கழுத்தும் பக்கச் சுவரும் சேரும் மூலையின் வளைவு முன்பிருந்த அளவிலேயே இருக்க வேண்டும். கூரான மூலை அமைந்தால் பின்னாளில் விரிசல் அங்கேதான் தொடங்கும். மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட கிராங்காக இருந்தால், சாணையில் அக்கடினத் தோல் போய்விட்டதா என்று பார்த்து மீண்டும் கடினமாக்க வேண்டும். காந்தத் துகள் கொண்டு விரிசல் தேடும் சோதனையைச் சாணைக்கு முன்பே முடித்துவிட்டால், உடையப்போகும் கிராங்குக்குச் செய்யும் வீண் செலவு தவிரும். 6பிடியைப் பிரிப்போர், முன்பக்க டைமிங் கியர் பெட்டியிலுள்ள டவல் பின் என்னும் சிறு முளை தளர்ந்து பற்சக்கரங்களுக்குள் விழாதபடி ஒரு தகட்டால் அடைப்பதையும் சேர்த்துக்கொள்வது நல்லது. சில ரூபாய்த் தகடு முழு எஞ்சினைக் காக்கும்.

திறன் கூட்டுதல் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது, எரிபொருள் பம்பின் உச்ச அளவுத் திருகைச் சற்றுத் திருப்பிவிடுவதாகும். அது மேம்பாடு ஆகாது. எரிவதற்கான காற்று கூடாமல் டீசலை மட்டும் கூட்டினால், கூடுவது கரும்புகையும் வெளியேறும் வாயுவின் வெப்பமும். அவ்வெப்பம் பிஸ்டனின் தலையையும் வால்வுகளையும் தின்றுவிடும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு டர்போ ஏற்றுவதும் ஒரு போல்ட் வேலையன்று: மேல் ரிங்கின் பள்ளத்தைக் கடின வார்ப்பால் வலுப்படுத்திய, அழுத்த விகிதம் குறைந்த பிஸ்டன்கள், பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சும் குழல்கள், தாங்குதிறன் மிக்க ஹெட் கேஸ்கட், போதிய எண்ணெய்க் குளிர்விப்பு ஆகியவை உடன் வேண்டும். பம்பையும் நாசில்களையும் சோதனை மேசையில் ஏற்றி, ஆறு சிலிண்டருக்கும் ஒரே அளவு டீசல் செல்கிறதா என்று சரிபார்ப்பதே குறைந்த செலவில் பெறக்கூடிய உண்மையான மேம்பாடு.

எஞ்சின் எவ்வளவு செம்மையாக இருப்பினும், அதன் முறுக்குவிசையைக் கிளட்சும் கியர்பெட்டியும் தாங்க வேண்டும். எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் பெல் ஹவுசிங் பொருந்த வேண்டும். எண்ணெய்த் தொட்டி முன் அச்சில் முட்டக் கூடாது. ரேடியேட்டர் கோடை வெயிலில் முழுச் சுமையோடு குளிர்விக்கப் போதியதாக இருக்க வேண்டும். ஏற்றிய பின், புதிய எஞ்சினை மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிடுவது தீங்கு. சுமையில்லாத ஓட்டத்தில் ரிங்குகள் சுவரோடு படியாமல், ஹோனிங் கோடுகள் வழுவழுப்பாகிவிடும். மிதமான சுமையோடு ஓட்டி, முதல் எண்ணெயை விரைவில் மாற்றி, வால்வு இடைவெளியை மீண்டும் சரிபார்ப்பதே முறை.

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும் வகையில் வண்டியைத் திருத்த உரிமையாளருக்கு அனுமதி இல்லை. பத்துக்குக் குறையாத போக்குவரத்து வண்டிகளை வைத்திருப்போர்க்கு, அதே தயாரிப்பும் அதே வகையுமான எஞ்சினை முன் ஒப்புதலின்றி மாற்றிக்கொள்ள மாநில அரசு இடமளிக்கலாம். அவர்களும் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே ஒன்றிரண்டு லாரிகளை மட்டும் வைத்திருப்பவர், பழைய எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதன் வகையையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்புதல் கேட்டுவிட வேண்டும்.