நல்லா கீறியா? – தோலுக்கு வெளியே ஆரோக்கியம்

நெமிலி பஸ் ஸ்டாண்டில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் திணித்தார்கள். முழு ஆரோக்கிய முகாம். ஒரு தாமரை வரைந்து இதழுக்கு ஒன்றாக உடல், மனம், சமூகம், ஆன்மா என்று எழுதியிருந்தது. இதழ்கள் ஒன்றையொன்று தொடவில்லை. என் சண்டை அந்த இடைவெளியோடுதான்.

ஆரோக்கியம் என்பது நோயின்மை மட்டுமல்ல, உடல், மன, சமூக நலனின் முழுமை என்று உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் வரையறுத்தது. 1946-ல் ஏற்கப்பட்டு 1948-ல் நடைமுறைக்கு வந்தது அது. மருத்துவரின் ஏகபோகத்தை அசைத்த வாசகம், மறுக்கவில்லை. பின்னால் வந்த சொல்லாடல் இவற்றைத் தனித்தனி அறைகளாகத் தடுத்து, ஒவ்வொன்றையும் தனிமனிதனின் வீட்டுப்பாடமாக்கிவிட்டது. மூச்சை இழு, நல்லதை நினை, நாலு பேரோடு பழகு. நாலு பேர் பழக வராவிட்டால்?

எங்கள் பக்கம் ‘நல்லா கீறியா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இன்னாத்த நல்லா கீறது, மழையும் இல்ல, பொண்ணுக்கு வேலையும் இல்ல’ என்றுதான் பதில் தொடங்கும். முட்டி வலி அப்புறம்தான் வரும்.

இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிற வேலூரில் இந்தக் கேள்வி ஒரு கையை முன்வைத்து எழுந்தது. 1946-ல் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் (கொல்லிமலையில் பிறந்தவர்) தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைகின்றன என்று பார்த்தார். சதையை நோய் தின்பதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சூடும் வெட்டும் புண்ணும் கவனிப்பாரற்று விரலைக் கொண்டுபோகின்றன. தூங்கும்போது எலி கடித்தது தெரியாமல் காலையில் எழுந்தவர்களும் உண்டு. மடங்கிப்போன விரல்களை, முன்கையின் நல்ல தசைநாணை எடுத்துப் பொருத்தி அவர் நிமிர்த்தினார்.

கை நிமிர்ந்தது. அதைக்கொண்டு பிச்சை கேட்டால் முன்போல யாரும் போடவில்லை. வேலை கொடுக்கவும் ஆளில்லை, வாடகைக்கு இடமும் இல்லை. குணமானதே பிழைப்பைக் கெடுத்துவிட்டதாக நோயாளிகள் முறையிட்டார்கள். நவஜீவ நிலையம் என்று ஒரு குடியிருப்பைத் தொடங்கி மரவேலை போன்ற தொழில்களைக் கற்றுத்தர வேண்டியதாயிற்று. அறுவைச் சிகிச்சை முடிந்த இடத்தில் அந்தக் கையின் வைத்தியம் முடியவில்லை. சமூகம் என்பது தாமரையின் மூன்றாவது இதழ் என்றால் இந்தக் கையை எந்த இதழில் வைப்பது?

1980களின் தொடக்கத்தில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து தொழுநோய் முழுதாகக் குணமாகும் நோயாயிற்று. ஆனால் அது விவாகரத்துக்குக் காரணமாகச் சட்டத்தில் 2019 வரை இருந்தது. கிருமி போய் முப்பது வருஷத்துக்கு மேல் சட்டத்துக்குக் காய்ச்சல் விடவில்லை.

தோல் பதனிடும் பட்டையில் இன்னொரு வகைக் கணக்கு. தோல் ஆலைக் கழிவு குறித்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. பெரிய விஷயம். அதையொட்டி 2001-ல் வேலூர் மாவட்டத்தில் 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு, 15,000 ஹெக்டேர் அளவிலான நிலத்தை வைத்து இழப்பீடு தீர்மானிக்கப்பட்டது. நிலமே இல்லாத கூலிக்காரர் குடித்த தண்ணீரை, குரோம் தண்ணியில் நின்று புண்ணான காலை எந்த ஹெக்டேரில் அளப்பது? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுநீர் நிலையத்தின் தொட்டி உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்களைச் சேறு மூடியது. வேலை செய்த இடத்திலேயே படுக்கவேண்டிய வாழ்க்கை. இதை உடல் என்பதா, சமூகம் என்பதா?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். வாலிபத்தில் ‘பெருவியாதி’ வந்து கரிகிரியில் வைத்தியம் பார்த்துத் தேறியவர். உணர்ச்சியற்ற பாதத்துக்கென்று மைக்ரோசெல்லுலர் ரப்பரில் செய்த செருப்பைக் கொடுத்திருந்தார்கள். பாதத்தில் புண் வராமல் காக்கும் அந்தச் செருப்பே ஊருக்கு அவரைக் காட்டிக்கொடுத்தது. டீக்கடைக்கு வருமுன் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார்; அப்படித்தான் இரண்டு தடவை ஆணி ஏறியது.

இப்போது அதே ரப்பர் செருப்பைச் சர்க்கரைக்காரர்களுக்கு எல்லா ஊரிலும் விற்கிறார்கள். பெரியவர் அதைக் கழற்றுவதில்லை. போன வாரம் டீக்கடைப் பையன் ‘இன்னா தாத்தா, புது மாடலா?’ என்றான்.

‘சக்கரடா’ என்றார், கால் மேல் கால் போட்டபடி. அவருக்குச் சர்க்கரை கிடையாது.