கண்ணி பெரியதா, சின்னதா?

"ஏண்டி, இது குல்லாயா, இல்லை தேங்காய்க்கு உறையா?"

என் அக்கா இப்படிக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்திம்பேரின் காசி யாத்திரைக்காக ஒரு வாரம் உட்கார்ந்து பின்னிய குல்லாய் அது! அக்காவிடம் இரவல் வாங்கிய அதே வளையத் தறி; அதே கம்பளி நூல். அவள் பின்னினால் தலையில் கச்சிதமாக உட்காருகிறது. நான் பின்னியதோ உச்சந்தலையோடு நின்றுவிட்டது.

வளையத் தறியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வட்டமான சட்டத்தில் வரிசையாக முளைகள். முளையில் ஏற்கெனவே இருக்கும் கண்ணிக்கு மேலே நூலைப் போட்டு, அடிக் கண்ணியைக் கொக்கியால் தூக்கி முளைக்கு அப்பால் தள்ளவேண்டும், அவ்வளவுதான். ஊசிப் பின்னலில் கண்ணி பெரிதாகிவிட்டால் மெல்லிய ஊசிக்கு மாறிக்கொள்ளலாம். இங்கே முளைகள் நகருமா என்ன? அதனால் யார் பின்னினாலும் ஒரே அளவுதான் வரும் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

அக்கா நூலை முளையைச் சுற்றி முழுச் சுற்றாகச் சுற்றுவாள். கண்ணி தாராளமாக விழும். நானோ நூலை முளைக்கு முன்னால் நேராக நீட்டிப் பிடித்து, அடிக் கண்ணியைத் தூக்கிப் போடுகிறவள். போதாக்குறைக்கு நூலை இழுத்துப் பிடிக்கும் கை வேறு! நாலு அங்குலத்தில் அவளுக்கு 8 கண்ணி, எனக்கு 10. இரண்டு கண்ணிதானே என்கிறீர்களா? தறியில் 40 முளைகள். அவளுடைய குல்லாயின் சுற்றளவு 20 அங்குலம்; என்னுடையது 16!

ஆனாலும் என் கட்சியை நான் விடுவதாக இல்லை. நெருக்கமான கண்ணியில் குளிர்காற்று சுலபமாக நுழையாது. அக்காவோ, "முரட்டுத் துணி மாதிரி விறைப்பாக இருக்கிறது, மிருதுவாக இருந்தால்தானே காதை மூடிக்கொள்ளச் சுகம்?" என்கிறாள். கழுத்துத் துண்டுக்கு அவள் சொல்வது சரிதான். குல்லாய்க்கு? ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போதெல்லாம் முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி, தறியிலிருந்து கழற்றி, சற்று நேரம் சும்மா வைத்துவிட்டு அளக்கிறேன். தறியில் இருக்கும்போது அளந்தால் இழுபட்டு அளவு பொய் சொல்லும். அத்திம்பேருக்கு இன்னும் அதிக முளைகள் உள்ள பெரிய தறி வாங்கி, என் வழியிலேயே மறுபடி பின்னினேன். காசியில் ரயிலை விட்டு இறங்கும்போது அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தாராம். அக்காதான் சொன்னாள், கொஞ்சம் மனசில்லாமல்.