வேலி தாண்டிய தோழர்

1970-களின் கடைசியில் ஹோ சி மின் நகரத்தில் அரிசித் தட்டுப்பாடு. சில மணி நேரப் பயண தூரத்தில் மேகாங் டெல்டா, வியட்நாமின் நெற்களஞ்சியம். ஆனாலும் நகரத்து ரேஷன் பையில் விழுந்ததெல்லாம் சோளமும் கிழங்கும்தான். காரணம், விலை. அரசாங்கம் கிலோவுக்கு 0.52 டாங் கொடுத்தது. வெளிச்சந்தையில் ஏறக்குறைய 2.50. எந்த விவசாயி அரசாங்கத்துக்கு நெல் அளப்பார்? தனியார் கொண்டுவந்து விற்கலாமென்றால் வழியெங்கும் சோதனைச் சாவடிகள். மூட்டை பிடிபட்டால் பறிமுதல்.

அப்போது நகரக் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் வோ வான் கியெட். உணவுத் துறை அதிகாரியான பா தி என்ற பெண்மணியை அழைத்தார். டெல்டாவுக்குப் போய்ச் சந்தை விலைக்கே நெல் வாங்கி வரச் சொன்னார். அன்றைய விதிகளின்படி அது குற்றம். பிடித்து உள்ளே போட்டுவிட்டால்? சாப்பாடு நானே கொண்டுவந்து தருகிறேன் என்றாராம் கியெட். கிளம்பிய குழுவினர் தங்களைத் தாங்களே அரிசிக் கடத்தல் கோஷ்டி என்று கேலி செய்துகொண்டார்கள். அரிசி வந்து சேர்ந்தது. இப்படி விதியை மீறிக் காரியம் சாதிப்பதற்கு வியட்நாமில் ‘வேலி உடைப்பு’ என்றே பெயர் விழுந்தது.

வேறொருவர் செய்திருந்தால் முதலாளித்துவக் கைக்கூலி என்று முத்திரை குத்தியிருப்பார்கள். கியெட்டைச் சொல்ல நாக்கு வரவில்லை. 1922-ல் வின் லாங் மாகாணத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1939-ல் கட்சியில் சேர்ந்தவர். மறுவருடமே பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான தெற்கத்திக் கிளர்ச்சியில் இறங்கியவர். 1966-ல் சைகோன் ஆற்றில் படகில் வந்துகொண்டிருந்த அவர் மனைவியும் இரண்டு குழந்தைகளும் அமெரிக்கத் தாக்குதலில் இறந்தார்கள். 1972-ல் மூத்த மகனும் போரில் போனான். அப்படிப்பட்டவர்தான், பழைய சைகோன் ஆட்சியில் துணைப் பிரதமராக இருந்த ஹார்வர்டு பொருளாதார நிபுணர் நூயென் சுவான் ஓனை உட்காரவைத்து யோசனை கேட்டார்.

1982-ல் ஹனோய் அவரைத் துணைப் பிரதமராக்கியது. கூடவே கொடுத்த பொறுப்பு, அரசுத் திட்டக் குழுத் தலைவர் பதவி! 1986 டிசம்பரில் கட்சியின் ஆறாவது மாநாடு சந்தைக்குக் கதவு திறந்த ‘தொய் மொய்’ சீர்திருத்தத்தை ஏற்றது. 1988-ல் பிரதமர் ஃபாம் ஹூங் இறந்ததும் கியெட் தற்காலிகப் பிரதமரானார். நிரந்தரப் பதவிக்குக் கட்சித் தலைமை நிறுத்தியது தோ முவாயை. தேசிய சட்டமன்றத்தின் தெற்கத்தி உறுப்பினர்கள் விடவில்லை; கியெட்டின் பெயரையும் முன்மொழிந்தார்கள். தோற்றார், ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாக்கு வாங்கித் தோற்றார். கைதூக்கியே பழகிய அவையில் அது சின்ன விஷயமல்ல.

பிரதமர் நாற்காலி 1991-ல் கிடைத்தது. வடக்கே ஹோவா பின் அணையில் மின்சாரம் மிஞ்சிக் கிடக்க, தெற்கே இருட்டு. நாட்டின் நெடுக்கே 500 கிலோவோல்ட் மின்பாதை போடச் சொன்னார். பொறியாளர்கள் சிலர் பதறினார்கள். பதற்றத்தில் நியாயம் இருந்தது: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் கால் அலைநீளம் 1,500 கிலோமீட்டர்; பாதையின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவே. அந்த நீளத்தில் மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் எகிறலாம். இடையிடையே துணை மின்நிலையங்கள் அமைத்து அதைச் சமாளித்தார்கள். 1992 ஏப்ரலில் தொடங்கிய வேலை 1994 மே மாதம் முடிந்தது.

1995 ஜூலையில் அமெரிக்காவுடன் தூதரக உறவு. அதே மாதம் ஆசியான் உறுப்பினர் தகுதி. அடுத்த மாதம் கியெட் அரசியல் தலைமைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். உலகம் இனி இரண்டு முகாம்களல்ல, அரசாங்கம் சட்டப்படி நடக்க வேண்டும் என்ற ரீதியில் போனது அது. கடிதம் வெளியே கசிந்தது. அதன் பிரதியைக் கையில் வைத்திருந்த ஹா சி ஃபூ என்ற எழுத்தாளரைக் கைது செய்து, அரசு ரகசியத்தை வெளியிட்டதாக ஓராண்டு சிறையில் தள்ளினார்கள். எழுதியவர் பிரதமராகவே இருந்தார். அவரைச் சீர்திருத்தவாதி என்று கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிப் போய்விடுவார்கள். விசாரணையே இல்லாமல் ஒருவரை இரண்டு ஆண்டுகள் வரை காவலில் வைக்க வழிசெய்த 1997-ன் 31-ம் எண் ஆணையிலும் அவர் கையெழுத்துதான் இருக்கிறது.

அதே ஆண்டு பதவி விலகினார். பிறகுதான் வாய் தாராளமாகத் திறந்தது. போர் முடிந்த 30-ம் ஆண்டு நிறைவின்போது, 2005-ல், அந்த நாளை நினைத்தால் லட்சக்கணக்கானோர் மகிழ்கிறார்கள், லட்சக்கணக்கானோர் வருந்துகிறார்கள் என்றார். வெற்றி விழாக்களில் யாரும் சொல்லாத பேச்சு அது. 2008 மே மாதம் ஹனோய் நகர எல்லையை விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து எழுதினார். தேசிய சட்டமன்றம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அந்த மாதக் கடைசியிலேயே திட்டத்தை நிறைவேற்றியது. ஜூன் 11 அன்று சிங்கப்பூர் மருத்துவமனையில் கியெட் இறந்தார்.

(தொடரும்)