பழைய மோட்டார் வண்டியும் வளிச்சீராக்கமும்

வெப்பம் தானாகச் செல்லுந் திசை ஒன்றே. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதுபோல, அது சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே செல்லும். பள்ளத்து நீரை மேட்டுக்கு ஏற்ற வேண்டுமாயின் துலா மிதித்தல் வேண்டும். அவ்வாறே, குளிர்ந்த இடத்திலுள்ள வெப்பத்தைச் சூடான வெளிக்கு ஏற்றுதற்கும் உழைப்பு வேண்டும். வளிச்சீராக்கி என்பது வெப்பத்தை இறைக்கும் துலாவே எனலாம். இத்துலாவை, இதனை எதிர்பாராது அமைக்கப்பட்ட ஒரு பழைய மோட்டார் வண்டியிலே பொருத்த முயலும்போது எழும் வினாக்களை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனர் வண்டியைக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த இவ்வண்டி 1948 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளிவந்தது. 1971 வரை உற்பத்தியாயிற்று. இலங்கை வீதிகளில் இன்றும் அது ஓடக் காண்கிறோம். குளிர்நாட்டிலே பிறந்த அவ்வண்டிக்குச் சூடாக்கியே மேலதிக உறுப்பாக விற்கப்பட்டது. வெயிற்காலத்துக்கு அது அளித்த பரிகாரமோ, திறக்கத்தக்க கண்ணாடிகள் மாத்திரமே. தந்தையார் ஓட்டிய வண்டியைப் பேணவும் வேண்டும், நண்பகலிலே வியர்வையின்றி அதிற் செல்லவும் வேண்டும் என விரும்புவோர் இன்று பலர். இவ்விருப்பம் நிறைவேறக்கூடியதே. ஆயினும், வளிச்சீராக்கி பெட்டியொன்றை வாங்கிப் பூட்டுவதோடு முடியும் கருமமன்று. அது வண்டியின் வலு, குளிர்நீர், மின், உடல் என்னும் நான்கிடத்தும் பங்கு கேட்பது. அந்நான்கின் வரவு செலவையும் முன்னரே கணக்கிடாதார் குளிர்ச்சியையும் பெறார், வண்டியையும் இழப்பர்.

முதற்கண் சூடாக்குதலுக்கும் குளிராக்குதலுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் நன்று. பெற்றோல் எரிதலாற் பிறக்கும் வெப்பத்திற் பெரும்பகுதி சக்கரத்தைச் சென்றடைவதில்லை. புகைக்குழாய் வழியாகவும் றேடியேற்றர் வழியாகவும் வீணே கழிகின்றது. சூடாக்கியானது எஞ்சினைச் சுற்றிவரும் அச்சுடுநீரின் ஒரு பகுதியைச் சிறு றேடியேற்றர் ஒன்றனுட் செலுத்தி, விசிறியால் அவ்வெப்பத்தை உள்ளே வீசுகின்றது. ஆகவே சூடாக்குதல் கழிவைப் பயன்கொள்ளுதல். குளிராக்குதலோ விலைகொடுத்து வாங்குதல். சரித்திரமும் இதற்குச் சான்று பகரும். சூடாக்கிகள் பரவிய பின்னரே, 1939 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் தன் 1940 ஆம் ஆண்டு வண்டிகளுக்கு வளிச்சீராக்கியை அறிமுகஞ் செய்தது. அதன் குளிர்ப்பகுதி பின்புறப் பொருட்பெட்டியில் இருந்தது. அமுக்கியை நிறுத்த வேண்டின் எஞ்சின் மூடியைத் திறந்து வாரைக் கையாற் கழற்றல் வேண்டும். 1954 இல் நாஷ் நிறுவனம் சூடாக்கியையும் குளிராக்கியையும் ஒருங்கிணைத்து வண்டியின் முன்பகுதியிலேயே அமைத்தது. வெப்பமிக்க ரெக்சாசு மாநிலத்திலோ, முன்பலகையின் கீழே தொங்கவிடப்படும் பெட்டிகளைத் தனிப்பட்டறைகள் பூட்டிக்கொடுத்தன. பழைய வண்டிக்கு இன்று விற்கப்படும் தொகுதிகள் அவற்றின் வழிவந்தனவேயாம்.

இக்கருவி தொழிற்படும் முறை எளிது. உடலிலே தடவிய மதுசாரம் ஆவியாகும்போது குளிர்கின்றதன்றோ? திரவமொன்று ஆவியாவதற்கு வேண்டிய மறைவெப்பத்தைச் சூழவுள்ள பொருளிலிருந்து கவர்தலே அதன் காரணம். வண்டியினுள்ளிருக்கும் ஆவியாக்கியிலே குளிரூட்டற் பொருள் தாழ்ந்த அமுக்கத்தில் ஆவியாகி, ஊடுசெல்லும் வளியின் வெப்பத்தைக் கவர்கின்றது. எஞ்சினாற் சுழற்றப்படும் அமுக்கி அவ்வாவியை இழுத்து நெருக்குகின்றது. நெருக்குண்டு சூடேறிய ஆவி, றேடியேற்றரின் முன்னுள்ள ஒடுக்கியில் வெப்பத்தை வெளிவளிக்குக் கொடுத்துத் திரவமாகின்றது. பின்னர் உலர்த்திப் போத்தலைக் கடந்து, விரிவு வால்வின் நுண்டுளையாற் புகுந்து, அமுக்கந் தாழ்ந்து, மீண்டும் ஆவியாக்கியை அடைகின்றது. ஆர்-134ஏ என்னும் பொருள் 3 பாகை சதமத்திற் கொதிக்க வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கும், 60 பாகையில் ஒடுங்க ஏறத்தாழப் பதினாறு மடங்கும் அமுக்கம் வேண்டும். இவ்விரண்டினதும் இடைவெளியை உண்டாக்குவதே அமுக்கியின் வேலை.

இனி வலுக்கணக்கை நோக்குவோம். நண்பகல் வெயில், தன்னை நேரே எதிர்கொள்ளும் ஒரு சதுரமீற்றர்ப் பரப்பில் ஏறத்தாழ 1000 வாற்று வெப்பத்தைச் சொரியும். அமர்ந்திருக்கும் நால்வரின் உடல்கள் ஏறத்தாழ 400 வாற்றைத் தரும். எஞ்சின் மறிப்புத் தகடும் தரையும் தம் பங்கைச் சேர்க்கும். எமது நாட்டு வளியின் ஈரமும் ஒரு சுமையே; ஒரு மணித்தியாலத்தில் ஓர் இலீற்றர் நீரை வளியிலிருந்து பிரித்தெடுக்க ஏறத்தாழ 680 வாற்று வேண்டும். இவையெல்லாங் கூட, சிறுவண்டி ஒன்றுக்கு 3 முதல் 4 கிலோவாற்று வரை குளிராற்றல் தேவையாகின்றது. அதற்கு அமுக்கி எஞ்சினிடம் 2 முதல் 4 பரிவலு வரை கேட்கும். 948 கன சதமமீற்றர் மைனர் எஞ்சினின் உச்சவலு 37 பரிவலுவே. அதுவும் விரைவாகச் சுழலும்போது மாத்திரம் கிடைப்பது. சந்தியிலே நின்று மெல்லச் சுழலும் எஞ்சினுக்கு அமுக்கியின் சுமை பெரிது. ஆதலின் பெரிய அமெரிக்க வண்டிக்குரிய அமுக்கியை இதற்குப் பூட்டுதல் கன்றுக்குட்டியை வண்டியிற் பூட்டுதல் போலாம். பரவலாக வழங்கும் சாண்டென் 508 அமுக்கி ஒரு சுற்றில் 138 கன சதமமீற்றர் ஆவியை இழுக்கும். 505 என்பது 87 மாத்திரமே இழுக்கும். சிற்றெஞ்சினுக்குச் சிறியதே தக்கது. அமுக்கி அமரும் தாங்கி உறுதியாகவும், கப்பிகள் யாவும் ஒரே தளத்திலும் அமைதல் இன்றியமையாதது. இவை பிழைப்பின் வார் அறுந்துகொண்டேயிருக்கும்.

இரண்டாவது குளிர்நீர்க் கணக்கு. உள்ளிருந்து கவர்ந்த 4 கிலோவாற்றும், அமுக்கி செலவிட்ட 2 கிலோவாற்றும் சேர்ந்து 6 கிலோவாற்றாக ஒடுக்கியில் வெளிப்படுகின்றன. ஒடுக்கியைக் கடந்து சூடேறிய வளியே பின்னாலுள்ள றேடியேற்றருக்குக் கிடைக்கின்றது. பல்லாண்டாக உப்புப் படிந்த பழைய றேடியேற்றர் இதனைத் தாங்காது, நெரிசலிற் கொதிக்கும். ஆகவே றேடியேற்றரைக் கழுவி, வேண்டின் குழாய்வரிசை கூடிய உட்பகுதியை இட்டு, மின்விசிறி ஒன்றையுஞ் சேர்த்தல் வேண்டும். வண்டி நிற்கும்போது ஒடுக்கிக்கு வளி தருவது அவ்விசிறியே.

மூன்றாவது மின்கணக்கு. அக்கால மைனரின் தைனமோ உச்சமாக 22 அம்பியர் தரும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஏறக்குறைய ஒன்றுந் தராது. இரவிலே விளக்குகளுக்கு ஏறத்தாழ 10 அம்பியர், உள்விசிறிக்கு 10, ஒடுக்கி விசிறிக்கு 8, அமுக்கியின் மின்காந்தக் கிளச்சுக்கு 4 எனக் கூட்டின், தீப்பொறிக்குரியதைச் சேர்க்காமலே 32 ஆகிவிடும். வரவு 22, செலவு 32 என்றால் பற்றரி எத்துணை நேரம் நிற்கும்? எனவே தைனமோவை நீக்கி 45 அம்பியர் அளவிலான ஒல்ற்றனேற்றரை இடுதல் வேண்டும். ஆயின், மைனரில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டுள்ளது. வழக்கமான ஒல்ற்றனேற்றருக்கோ எதிர்முனை உடலோடு இணைதல் வேண்டும். முனைகளை மாற்றாது பூட்டின் அதன் உட்கருவிகள் நொடியில் எரியும். சிலர் அமுக்கியையே மின்னால் ஓட்டலாமென எண்ணுவர். 12 உவோற்றில் 2 கிலோவாற்றுக்கு 166 அம்பியருக்கு மேல் வேண்டும் என்ற சிறு வகுத்தல் கணக்கே இதற்கு விடையாகும்.

நான்காவது உடல். குளிரைப் பெருக்குமுன் சூட்டைத் தடுத்தல் அறிவுடைமை. கூரையின் உட்புறத்தும், தரையிலும், எஞ்சின் மறிப்புத் தகட்டிலும் வெப்பங்காக்கும் விரிப்புகளை ஒட்டி, கதவுகளின் றப்பரைப் புதுப்பித்தால் சுமை குறையும். சிறிய அமுக்கியே போதியதாகும். உயிரோடு தொடர்புடைய வேறொரு காரணமும் உண்டு. திறந்த கண்ணாடியோடு ஓடிய காலத்தில், தரையின் துருத்துளை வழியே நுழைந்த புகை வெளியேறிவிடும். கண்ணாடிகளை மூடி உள்வளியையே சுழலவிடும்போது, பழுதுற்ற புகைக்குழாயிலிருந்து கசியும் காபனோரொட்சைட்டு உள்ளே திரளும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. புகைக்குழாயையும் தரையையும் செப்பனிடாது குளிராக்கி பூட்டுவோர், தம் குடும்பத்தை ஆபத்தில் அமர்த்துவோராவர்.

வெப்பநாட்டார்க்குச் சூடாக்கி எதற்கு என வினவலாம். நுவரெலியாவின் இரவுகளை விட்டாலும் அதற்கோர் உயர்ந்த பயன் உண்டு. மாரிகாலத்தில் மூச்சின் ஈரம் முன்கண்ணாடியிற் படிந்து பார்வையை மறைக்கும். வளியை முதலில் ஆவியாக்கியிற் குளிரச்செய்தால் ஈரம் நீராய் வடியும். பின் அதனைச் சூடாக்கியிற் சிறிது வெதுப்பிக் கண்ணாடிமேல் வீசினால் படலம் விரைவில் அகலும். இரண்டும் ஒரே பெட்டியில் அமைந்த தொகுதியின் சிறப்பு இதுவே. ஆயின் சுடுநீர் வால்வு முற்றாக மூடுவதாய் இருத்தல் வேண்டும். கசியின் குளிரும் சூடும் ஒன்றையொன்று அழிக்கும். தொடக்ககால 918 கன சதமமீற்றர் எஞ்சின்களில் நீர் வெப்பத்தாலேயே சுழலும் முறை இருந்தமையால், அவற்றுக்குச் சூடாக்கி பூட்டுவோர் நீர்ப்பம்பியையுஞ் சேர்த்தல் வேண்டும்.

குளிரூட்டற் பொருள் பற்றியும் சில கூறல் வேண்டும். பழைய கருவிகளில் இருந்த ஆர்-12, மேல்வளியின் ஓசோன் படையை அழிக்குமென 1974 இல் மொலினாவும் றோலண்டும் எச்சரித்தனர். 1987 இன் மொன்றியல் உடன்படிக்கை அதன் உற்பத்தியை ஒழிக்க வழிகோலிற்று. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தாக்காதெனினும், காபனீரொட்சைட்டைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்க வல்லது. 2016 இன் கிகாலித் திருத்தம் அத்தகையவற்றையும் குறைக்கப் பணிக்கின்றது. ஆகவே கசிவின்மை சிக்கனம் மாத்திரமன்று, கடமையுமாம். ஆர்-134ஏ பழைய றப்பர்க் குழாய்களின் ஊடே கசியுமாதலால் அதற்குரிய தடுப்புப்படைக் குழாய்களையும், அதற்குரிய எண்ணெயையுமே பயன்படுத்தல் வேண்டும். நிரப்புமுன் வெற்றிடப் பம்பியால் வளியையும் ஈரத்தையும் அகற்றல் வேண்டும். எஞ்சிய ஈரம் விரிவு வால்வில் உறைந்து வழியை அடைக்கும், அமிலமாகி உலோகத்தை அரிக்கும். உலர்த்திப் போத்தலின் மூடியை இறுதியிலேயே கழற்றுதல் இதுபற்றியே.

ஈற்றில், பேணல் என்னும் நெறி எஞ்சியுள்ளது. பழைய வண்டிச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2012 இல் ஏற்றுக்கொண்ட தூரின் பட்டயம், கட்டடங்களைப் பேணுதற்கு 1964 இல் எழுந்த வெனிஸ் பட்டயத்தின் வழியில், மாற்றங்கள் குறைவாகவும் மீளத்தக்கனவாகவும் இருத்தலை வலியுறுத்துகின்றது. ஆதலின் புதிய துளையிடாது, முன்னிருந்த திருகாணித் துளைகளையே பயன்படுத்துக. முன்பலகையை வெட்டாது அதன் கீழே பெட்டியை அமைக்க. கழற்றிய தைனமோவையும் கம்பிகளையும் பெயர்குறித்துச் சேமிக்க. என்ன மாற்றப்பட்டது என்பதை எழுதி வண்டியோடு வைக்க. வலு, நீர், மின், உடல் என்னும் நான்கும் ஒத்துக்கொண்ட அளவே குளிர்ச்சியைப் பெறுதலும், அடுத்த தலைமுறை விரும்பின் அதனைத் தடயமின்றி நீக்கக்கூடியதாய் விடுதலும் பழைய வண்டியை உடையார்க்குரிய கடமைகளாகும். பழமையைப் பேணுதல் துன்பத்தைப் பேணுதலன்று. இன்பத்தைத் தேடுதலும் பழமையை அழித்தலன்று. கணக்கறிந்து செய்வார்க்கு இவ்விரண்டும் ஒரு வண்டியிலே ஒருங்கமரும்.